முனி போகும் சந்தும் முழங்கால் உயரப் படியும்

கந்தம்மாள் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனால் நோயாளியின் முகத்தை முதலில் பார்க்க மாட்டாள். கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். கட்டிலிலிருந்து அது எத்தனை தப்படி, நடுவில் எத்தனை படி, கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா, பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது. இதெல்லாம் பார்த்த பிறகுதான் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பாள். முகம் எங்கேயும் போய்விடாது என்பது அவள் கணக்கு.

ராசிபுரத்தில் பட்டுத் தறி ஓடிய வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி, கணவன் போய், படுக்கையில் விழுந்த மாமியாரை நாலு வருஷம் புரட்டிப் போட்டுத் துடைத்தாள். மாமியார் போன பதினாறாம் நாள், "இத்தனை நாள் சும்மா செஞ்சதைச் சம்பளத்துக்குச் செஞ்சா என்ன?" என்று கேட்டுக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினாள். நோயாளி பராமரிப்புக்கு ஆறு மாசப் பயிற்சி. கூடப் படித்ததெல்லாம் பதினெட்டு வயசுப் பெண்கள். அவளுக்கு நாற்பத்து நாலு. வகுப்பில் முதலாவதாகத் தேறினாள். இப்போது வயசு அறுபத்தாறு. கை இன்னும் நடுங்கவில்லை. யார் வீட்டிலும் அழுததில்லை. அழுவதற்கு அந்தந்த வீட்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்பாள்.

அவள் பார்த்த முப்பத்து நாலாவது நோயாளி நாச்சிமுத்து. புதுச்சத்திரத்துக்கு மேற்கே, முனிச்சந்து வீடு என்றால் பஸ் கண்டக்டரே கைகாட்டுவார்.

ரோட்டிலிருந்து பார்த்தால் இரண்டு வீடுகள் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி நிற்க, மேலே ஓடு மட்டும் சமாதானம் செய்து சேர்த்துப் பிடித்திருப்பது போல இருக்கும். நடுவில் நாலடி அகலத்தில் ஒரு சந்து, வடக்கிலிருந்து தெற்காக வீட்டைத் துளைத்துக்கொண்டு போகிறது. இரண்டு முனையிலும் கதவு கிடையாது. நூறு வருஷத்துக்கு முன்னால் நாச்சிமுத்துவின் தாத்தா கடைக்கால் தோண்டியபோது, ஏரிக்கரை முனியப்பன் சாமி கரட்டுக் குன்றுக்குப் போகிற தடம் இது என்று ஊர் சொல்லிவிட்டது. தாத்தா நிலத்தையும் விட மனசில்லாதவர், முனியோடு மோதவும் தைரியமில்லாதவர். அதனால் முனிக்கு வழி விட்டு, இரண்டு பக்கமும் வீட்டைக் கட்டிக்கொண்டார்.

மேற்குப் பாதியில் கூடம், படுக்கை, பூசை மாடம். கிழக்குப் பாதியில் சமையலறை, குளியலறை, கக்கூஸ். இரண்டு பாதியின் வாசலும் எதிரெதிரே இல்லை. எதிரெதிரே வைத்தால் முனி தடம் மாறி உள்ளே திரும்பிவிடுமாம். ஆகவே மேற்கு வாசல் வடக்கு முனையில், கிழக்கு வாசல் பன்னிரண்டடி தள்ளித் தெற்கில். வேகமாய்ப் போகிறவர் தவறிப் பக்கவாட்டில் கால் வைத்துவிடக் கூடாதென்று இரண்டு வாசலிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரே கல்லில் படி.

சந்துக்குச் சட்டம் உண்டு. அதில் எதுவும் படுக்கக் கூடாது, உட்காரக் கூடாது, நிற்கவும் கூடாது. கடக்கிறவர் "ஓரம் சாமி" என்று சொல்லிவிட்டுக் கடக்க வேண்டும். பால்காரர் சொல்வார். தபால்காரர் சொல்வார். ஓட்டுக் கேட்டு வந்த கூட்டமே வரிசையாகச் சொல்லிக்கொண்டு கடந்தது. கட்டிடக்கலை படிக்கிற கல்லூரிப் பிள்ளைகள் வந்து அளந்து பார்த்து, இது காற்றோட்டத்துக்காகச் செய்த ஏற்பாடு என்றார்கள். "காத்துக்கு எதுக்குடா சாமி வருசா வருசம் கிடா வெட்டறோம்?" என்று கேட்டு அனுப்பினாள் அங்கம்மாள்.

அங்கம்மாள் நாச்சிமுத்துவின் மனைவி. எழுபத்து நாலு வயசு. பதினேழில் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து சந்தின் சட்டம் ஒழுங்கு அவள் பொறுப்பு. கொழுந்தன் ஒருத்தன் வெயிலுக்கு சந்தில் கட்டில் போட்டுப் படுத்து, விடிந்தபோது கரும்புக் காட்டில் கிடந்ததை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வாள். கந்தம்மாளுக்கும் முதல் நாளே சொன்னாள்.

"அன்னைக்கு அவரு என்ன குடிச்சிருந்தாருங்க?" என்று கேட்டாள் கந்தம்மாள்.

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்?" என்றாள் அங்கம்மாள். அதற்குப் பிறகு ஒரு நாள் பேசவில்லை.

முனி உண்டா இல்லையா என்பதில் கந்தம்மாளுக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. நோயாளி வீட்டில் இருக்கிற சொந்தக்காரர்களில் ஒருவராக அவரையும் வைத்துக்கொண்டாள். மரியாதை கொடுக்க வேண்டியது, வேலைக்குக் குறுக்கே வரவிடக் கூடாது.

ஆனால் முனி குறுக்கேதான் இருந்தார். நாச்சிமுத்துவுக்கு எழுபத்தொன்பது வயசு. லாரி ஓட்டிக்கொண்டு அஸ்ஸாம் வரை போய் வந்தவர். ஆவணியில் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. ஒரு மாசத்தில் கோல் ஊன்றி நடக்கப் பழகிவிட்டார். சமதளத்தில் நன்றாகவே நடந்தார். கக்கூஸுக்குப் போகத்தான் இரண்டு படிக்கல்லைத் தாண்ட வேண்டும், அதற்கு இரண்டு ஆள் தூக்க வேண்டும். படுக்கையறையில் கமோடு நாற்காலி போடலாம் என்றால் பக்கத்துச் சுவரில் பூசை மாடம். மேற்கே புதிதாகக் கட்டலாம் என்றால் சுவரை ஒட்டிப் பங்காளி நிலம். பங்காளியிடம் ஓரடி கேட்பதற்கு முனியிடம் கேட்பது எவ்வளவோ மேல் என்றார் நாச்சிமுத்து.

அவருடைய மகள் கமலவேணி பெங்களூரில் ஏழாவது மாடியில் இருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில், அடுத்தவர் செய்த வேலையில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவளுக்கு வேலை. வீட்டிலும் அதைத்தான் செய்தாள். போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "தீபாவளி வரைக்கும் பாப்பேன். அப்பா தானா பாத்ரூம் போக முடியலீன்னா அவரை இங்க கூட்டிட்டு வந்துருவேன். அம்மா வந்தாலும் சரி, முனியோடயே இருந்தாலும் சரி."

நாச்சிமுத்து அன்றிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். குடித்தால்தானே போக வேண்டும்? போனால்தானே தூக்க வேண்டும்? கந்தம்மாள் நேரத்துக்கு நேரம் டம்ளர் கொடுத்தாள், டம்ளர் காலியாகத் திரும்பி வந்தது. ஆனால் சிறுநீர் கடுகெண்ணெய் நிறத்தில் இருந்தது. ஒரு நாள் காலையில் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். மழை பெய்து மூன்று வாரமான தோட்டத்தில் ஜன்னலடிக் கறிவேப்பிலைச் செடி மட்டும் தளதளவென்று நின்றது.

"ஏனுங்கய்யா, கறிவேப்பிலைக்கு ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் எதுக்குங்க?"

"அதுக்கும் தாகம் இருக்குமல்லோ."

"கிட்னி கெட்டுப்போச்சுன்னா பெங்களூர்கூட இல்லீங்க. ஆஸ்பத்திரிதான்."

நாச்சிமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அஸ்ஸாம் போனவனுக்குப் பன்னண்டடி போக முடியல. ரெண்டு பேரு தூக்கறாங்க, சொந்த ஊட்டுல."

கந்தம்மாள் வெளியே போனாள். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வந்து படிக்கல்லை அளந்தாள்.

முதலில் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டாள். அங்கம்மாள் வந்து பார்த்தாள். "பலகை படுத்திருக்குது. சந்துல எதுவும் படுக்கக் கூடாது."

வேலை முடிந்ததும் கந்தம்மாள் அதை எடுத்துச் சுவரில் சாத்தி வைத்தாள். "இப்ப நிக்குது. நிக்கவும் கூடாது," என்றாள் அங்கம்மாள்.

"அப்ப என்னதாங்கக்கா செய்யலாம் சந்துல?"

"போலாம். போறதுக்குத்தான் சந்து."

கந்தம்மாள் அன்று சாயங்காலமே தச்சரை வரவழைத்துப் பலகைக்கு அடியில் நாலு சக்கரம் வைத்தாள். மறுநாள் அங்கம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாருங்கக்கா. படுக்கவும் இல்ல, நிக்கவும் இல்ல. ஓடற சாமான்."

அங்கம்மாள் அதைச் சுற்றி வந்தாள். சட்டத்தில் ஓட்டை விழுந்திருப்பது அவளுக்கே தெரிந்தது. "இப்ப ஓடலியே?"

கட்டிலிலிருந்து நாச்சிமுத்து கத்தினார்: "டீக்கடையில நிறுத்தியிருந்தாலும் லாரி ஓடற வண்டிதான்டி!"

நோயாளியை ஏற்றுவதற்கு முன் தான் ஏறிப் பார்ப்பது கந்தம்மாளின் வழக்கம். ஏறினாள். மழைத்தண்ணீர் வடியட்டும் என்று சந்தின் தரையைத் தெற்கே சாய்த்துக் கட்டியிருந்தார் தாத்தா. பலகை புறப்பட்டது. கந்தம்மாள் "ஓரம் சாமி" என்று சொல்லி முடிப்பதற்குள் கிழக்கு வாசலைத் தாண்டி, சந்தைத் தாண்டி, முனி போகிற தடத்திலேயே நேராகப் போய்க் கோழிக் கூண்டில் முட்டி நின்றது. நாலு கோழியும் கூண்டின் மேல் ஏறின. நாச்சிமுத்து பக்கவாதம் வந்ததிலிருந்து முதல் தடவையாக வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பாத்தியா?" என்றாள் அங்கம்மாள். "முனி தள்ளிட்டாரு."

"முனி இல்லீங்க," என்றாள் கந்தம்மாள், தலையிலிருந்து வைக்கோலை எடுத்துக்கொண்டே. "சக்கரத்துக்குப் பூட்டுப் போடல."

சிரித்த களைப்பில் நாச்சிமுத்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டார். அதுதான் அன்றைய லாபம்.

அன்று மாலை அங்கம்மாளின் முழங்காலுக்கு நீலகிரித் தைலம் தேய்த்துவிட்டாள் கந்தம்மாள். அது அவள் வேலை இல்லை. ஆனால் அங்கம்மாள் ஒவ்வொரு தடவை படிக்கல்லைத் தாண்டும்போதும் நிலையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பதைப் பார்த்திருந்தாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது தாண்டுகிறாள். காபி அந்தப் பக்கம், புருஷன் இந்தப் பக்கம்.

"ரெண்டு படியையும் வெட்டி இறக்கி, சந்துச் சுவர்ல கைப்பிடிக் கம்பி வெச்சா முடிஞ்சுதுங்கக்கா. கம்பி சுவர்ல இருக்கும், சந்துல இருக்காது."

"படியை வெட்டறதா? என்ற மாமியா சாகறப்ப என்ற கையப் புடிச்சுச் சொன்னது அது ஒண்ணுதான். ஊரு என்ன பேசும்?" என்றாள் அங்கம்மாள். பிறகு கொஞ்சம் தணிந்து, "இன்னும் கொஞ்சம் கீழ தேயி அம்மிணி. அங்கதான்," என்றாள்.

ஏரிக்கரைக் கோயிலின் பூசாரி தனபால் காலையில் பூசாரி, பகலில் கோழித் தீவனக் கம்பெனியில் மூட்டை எண்ணுகிறவர். கந்தம்மாள் அவரையே போய்ப் பிடித்தாள். தனபால் யோசித்தார். வெட்டச் சொன்னால் அங்கம்மாள் விடமாட்டாள். வேண்டாமென்றால் கமலவேணி விடமாட்டாள்.

"பூக் கேட்டுரலாங்க," என்றார். "பொட்டலம் ரெண்டு. ஒண்ணுல வெள்ளைப் பூ, ஒண்ணுல செவப்பு. வெள்ளை வந்தா வெட்டலாம், செவப்பு வந்தா மூச்சு விடக் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமக் கெணத்துல போட்டுருவோம்."

கொங்கு நாட்டில் கல்யாணத்துக்குப் பூக் கேட்பார்கள், கிணறு வெட்டப் பூக் கேட்பார்கள். கக்கூஸுக்குப் போகப் பூக் கேட்டது அதுதான் முதல் தடவை. தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். கமலவேணி முந்தின நாளே காரில் வந்து இறங்கினாள், அப்பாவின் துணிகளை எடுத்துப் போகக் காலிப் பெட்டியோடு.

வெள்ளிக்கிழமை காலை தனபால் வாழையிலைத் துண்டில் நந்தியாவட்டை ஒன்றும், செவ்வரளி ஒன்றுமாகக் கட்டித் தட்டில் வைத்தார். தட்டைச் சந்தின் வடக்கு முனையில் முனிக்கு அடையாளமாக நட்டிருந்த கல்லருகே வைத்துவிட்டு ரோட்டோரம் டீ குடிக்கப் போனார். கமலவேணி குளித்துக்கொண்டிருந்தாள். அங்கம்மாள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள்.

கந்தம்மாள் இடுப்பில் நாலு நந்தியாவட்டையைச் செருகி வைத்திருந்தாள். இதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மருந்து கசக்கிறது என்று துப்புகிற நோயாளிக்கு வாழைப்பழத்தில் வைத்துக் கொடுப்பதில்லையா? தட்டருகே குனிந்து முதல் பொட்டலத்தை மெதுவாகப் பிரித்தாள். வெள்ளை. சரி, இது இருக்கட்டும் என்று கட்டிவிட்டு, சிவப்பை எடுத்து வெள்ளை வைக்க இரண்டாவதைப் பிரித்தாள்.

அதிலும் வெள்ளை.

கந்தம்மாள் அப்படியே குந்தியிருந்தாள். தனபாலா? அந்த ஆளுக்கு அவ்வளவு தைரியம் போதாது. பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோனாள். இருபத்திரண்டு வருஷம் நோயாளிகளை முகர்ந்து பார்த்தே சீக்கு கண்டுபிடித்த மூக்கு அது. இலையில் நீலகிரித் தைலம் மணத்தது.

சமையலறையிலிருந்து அங்கம்மாளின் குரல் உரக்கக் கேட்டது: "முனி சம்மதிக்கவே மாட்டாரு! எழுதி வெச்சுக்கங்க!"

கந்தம்மாள் பொட்டலத்தை முன்பிருந்தபடியே கட்டினாள். தான் கொண்டுவந்த நாலு பூவையும் முனியின் கல்மேல் வைத்தாள். கொண்டுவந்ததை வீணாக்குவானேன்?

எல்லாரும் கூடினார்கள். நாச்சிமுத்துவை மேற்கு வாசலுக்குள் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். யார் எடுப்பது என்று கேள்வி வந்தது. இதில் சொந்த ஆசை இல்லாத கையாக இருக்க வேண்டும் என்றார் தனபால். அந்த வீட்டில் அப்படி ஒரு கை இல்லை. அப்போதுதான் சிலிண்டர் போடுகிற குமரன் தோளில் சிலிண்டரோடு "ஓரம் சாமி, ஓரம் சாமி" என்று சந்துக்குள் நுழைந்தான்.

"அப்படியே நில்லு!" என்றார் தனபால்.

"சந்துல நிக்கக் கூடாதுங்களே?"

"பூ எடுக்கறதுக்கு நிக்கலாம்."

"சிலிண்டரு?"

"அதையும் வெச்சுக்கிட்டே எடு."

குமரன் குனிந்து ஒரு கையால் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். தனபால் பிரித்தார். வெள்ளை. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அங்கம்மாள் நெஞ்சில் கை வைத்து, "என்ன சாமி இது, நீயே இப்படிச் சொல்லிட்டியே!" என்றாள். நாடகக் கம்பெனியில் சேர்ந்திருந்தால் நல்ல பெயர் வாங்கியிருப்பாள்.

கமலவேணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அந்த இன்னொண்ணையும் பிரிங்க."

"அது வழக்கமில்லீங்க அம்மிணி."

"ரெண்டுலயும் வெள்ளையே இருந்தா? செக் பண்ணாம எப்படி ஒத்துக்கறது?" அவள் தட்டை நோக்கி ஓரடி வைத்தாள். அங்கம்மாள் முகத்தில் ரத்தம் இல்லை. கந்தம்மாள் தட்டின் மேல் தடுக்கி விழலாமா என்று இடத்தை அளந்தாள். வயசான எலும்பு, கொஞ்சம் யோசித்தாள்.

"அம்மிணி! வந்துருச்சு!" என்று அலறினார் நாச்சிமுத்து. "தாங்காது! தூக்குங்க!"

சபை கலைந்தது. குமரன் சிலிண்டரை முற்றத்தில் போட்டுவிட்டு ஓடி வந்தான். அவனும் கந்தம்மாளும் ஆளுக்கொரு பக்கம் தூக்க, கமலவேணி கோலை எடுத்துக்கொண்டு பின்னால் ஓட, முதல் படியைத் தாண்டி, சந்தில் ஓடி, இரண்டாம் படியைத் தாண்டிக் கக்கூஸில் கொண்டுபோய் இறக்கினார்கள். கந்தம்மாள் கதவைச் சாத்தினாள்.

நாச்சிமுத்து வேட்டி கலையாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்கய்யா? வரலீங்களா?"

"சத்தம் போடாத. சித்த நேரம் இருந்துட்டுப் போலாம்." அவர் காதைக் கதவுப் பக்கம் திருப்பினார். "அந்தப் பொட்டலத்தை எடுத்துட்டாளா அவ?"

"உங்களுக்கெப்படித் தெரியும்?"

"கட்டில்ல படுத்தா வாசல் வழியா அந்தக் கல்லு தெரியுமல்லோ. வெடிஞ்சதுலிருந்து சினிமா மாதிரி பாத்துட்டிருக்கறேன். மொதல்ல அவ வந்தா. அப்புறம் நீ வந்தே. கோழி ஒண்ணு வந்துச்சு. நல்ல வேளை, அது ஒண்ணும் மாத்தல."

அவர்கள் வெளியே வந்தபோது தட்டு காலியாக இருந்தது. "கெணத்துல போட்டுட்டேன்," என்றாள் அங்கம்மாள். "அதுதானே வழக்கம்."

"ஆமாங்க, அதான் வழக்கம்," என்றார் தனபால், கூரையைப் பார்த்துக்கொண்டு. கமலவேணி ஒருத்தர் முகத்தையும் விடாமல் பார்த்தாள். தப்பு இருப்பது தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. காலிப் பெட்டியைக் காரில் தூக்கிப் போட்டுவிட்டு, "தீபாவளிக்குள்ள வேலை முடியணும்," என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் தைலம் தேய்க்கும்போது அங்கம்மாளின் சுருக்குப்பையிலிருந்து வாடின செவ்வரளி ஒன்று எட்டிப் பார்த்தது. கந்தம்மாள் அதை உள்ளே தள்ளிச் சுருக்கை இழுத்தாள்.

"இனி பூவைத் தொடறதுக்கு முந்தி சோப்புப் போட்டுக் கையக் கழுவிக்கங்கக்கா. தைலம் லேசுல போகாது."

அங்கம்மாள் மற்றக் காலை நீட்டினாள். "முனிக்கு மூக்கு அவ்வளவு கூர்மை இல்ல. உன்றதுதான் நாய் மூக்கு," என்றாள். "இந்தக் காலுல தேயி."

கல்தச்சர் திங்கட்கிழமை வந்தார். இரண்டு படியையும் நாலு விரல் உயரத்துக்கு வெட்டி இறக்கினார். ஒரேயடியாகத் தரையோடு வெட்டக் கூடாது, முனிக்கு ஒரு அடையாளமாவது இருக்க வேண்டும் என்று அங்கம்மாள் பக்கத்தில் நின்று அதட்டினாள். வெட்டின துண்டு ஒன்று துணி துவைக்கிற கல்லாயிற்று. சுவரில் இரும்புக் கம்பி வைத்தார்கள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், யாரும் பிடிக்காமல் நாச்சிமுத்து கிளம்பினார். வலது கை கம்பியில். கமலவேணி போனில் வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், போனைப் பிடித்திருந்தது கந்தம்மாள். "ஓரம் சாமி," என்று சொல்லி முதல் படியைத் தாண்டினார். ஆறடி போனதும் மூச்சு வாங்கியது. சந்தின் நட்ட நடுவில் நின்றுவிட்டார்.

"நிக்காதீங்க!" என்று சமையலறையிலிருந்து கத்தினாள் அங்கம்மாள். "சந்துல நிக்கக் கூடாது! பின்னால முனி வாராரு!"

நாச்சிமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டார்.

"ஆரன் அடிக்கச் சொல்லு," என்றார்.

போய்விட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டார். ஒரே மூச்சில் இரண்டு டம்ளர். கந்தம்மாள் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். கறிவேப்பிலையடி மண் காய்ந்திருந்தது. அடுத்த நோயாளி ஓமலூரில். கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று அப்போதே போன் போட்டுக் கேட்டாள்.